விழுங்கின எழுத்து

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்திலெல்லாம் அவாவுக்கு வெட்கம் வந்தது. வங்கி வரிசையில் ஒருவர் இடையில் புகுந்தால் பின்னால் நிற்கிற நாங்கள் சத்தம் போடுவோம். அக்கா தலை குனிந்து தன் செருப்பைப் பார்ப்பா. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு வயதான மனிசியை அதட்டினால் அக்காவின் காது மடல் சிவக்கும். "வெக்கமாக் கிடக்கு" என்று மெல்லச் சொல்லுவா. ஆருக்கு வெட்கம், ஏன் வெட்கம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவா.

அவாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயரை எங்கேயாவது அச்சில் கண்டால் அதற்கும் கூசிப்போகிற ஆள்.

வவுனியா டவுனில் ஒரு அச்சகத்தின் மேல்மாடியில் அவாவும் நானும் வேலை செய்தோம். சொந்த அக்கா இல்லை, வயதில் மூத்தவா என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். கீழே மெசின்கள், மேலே மூன்று கம்பியூட்டர். முதலாளியை அண்ணை என்று கூப்பிடுவோம். புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. அக்கா பைத்தன் என்கிற மொழியில் புரோகிராம் எழுதுவா. சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பில் தொடங்கி, மிச்சத்தைத் தானாகப் படித்தவா. எங்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தப் புரோகிராம்தான்.

வன்னியில் கோயில், பள்ளிக்கூடம், சங்கம் என்று எவரிடம் போனாலும் அப்போது பழைய ஃபொன்டில் அடித்த பைல்கள்தான் இருந்தன. அந்தப் பைல்கள் கண்ணுக்குத் தமிழ். கம்பியூட்டரின் கணக்கில் அவை ஆங்கிலம். அந்த ஃபொன்ட் இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் 'அம்மா' என்ற சொல்கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். அதைப் போனிலும் இணையத்திலும் வாசிக்கக்கூடிய தமிழாக மாற்ற வேண்டும். நான் சேர்ந்த முதல் கிழமையே அக்கா அதை எனக்கு விளங்கப்படுத்தினா.

"ஒவ்வொரு எழுத்துக்கும் கம்பியூட்டருக்குள்ள ஒரு இலக்கம் இருக்கு. பழைய பைலில 109 எண்டு கிடந்தால், அடிச்ச ஆள் 'அ' எண்டு நினைச்சுத்தான் அடிச்சிருக்கிறார். ஆனா உண்மையான 'அ'வுக்கு இலக்கம் 2949. நான் ஒரு அட்டவணை வைச்சிருக்கிறன். 109ஐக் கண்டால் 2949ஐ எடுத்துக் குடுக்கும். சி-எச்-ஆர் எண்டொரு கட்டளை இருக்கு. அதுக்குள்ள இலக்கத்தைப் போட்டால் எழுத்தாத் திருப்பித் தரும். வந்த எழுத்தெல்லாத்தையும் கோத்தால் சொல்லு."

"அவ்வளவுதானோ அக்கா?"

"அவ்வளவுதான். பிழைக்கிறதுக்கு அது போதும்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் திரையின் ஒரு மூலையை மறைத்தா. அந்த மூலையில் சிவப்பு எழுத்தில் ஏதோ பிழைச்செய்தி வந்திருந்தது. அது அவாவின் பழக்கம். ஆராவது கிட்டப் போனால் கை தன்பாட்டில் திரைக்குப் போகும். தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிறவருக்குக்கூட அந்தச் சிவப்பு தெரியக்கூடாது.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் வந்தது. அக்காவின் அட்டவணையில் இல்லாத ஏதோ ஒரு இலக்கம் அந்தப் பைலில் இருந்திருக்கிறது. தெரியாத இலக்கம் வந்தால் புரோகிராம் அந்த இடத்தில் ஒரு வெறும் பெட்டியைப் போடும். அம்மனின் பெயருக்கு நடுவில் பெட்டி. ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கட்டி அனுப்பியும் ஆயிற்று. கோயில் தலைவர் படியேறி வந்து, கடையில் நின்ற எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"அம்மாளாச்சின்ர பேரும் தெரியாத ஆக்களோ இஞ்ச வேலைக்கு இருக்கிறியள்?"

அண்ணை மன்னிப்புக் கேட்டு வேறு அடித்துக் கொடுத்தார். அக்கா அன்று சாப்பிடவில்லை. பின்னேரம் புரோகிராமைத் திறந்து ஒரு இடத்தை மாற்றினா. இனிமேல் தெரியாத இலக்கம் வந்தால் பெட்டி வராது. ஒன்றுமே வராது. அந்த இடத்தை ஒட்டி அடுத்த எழுத்து வந்துவிடும்.

"தெரியாட்டில் சத்தம் போடாமல் இருக்கட்டும்," என்றா.

அதற்குப் பிறகு பக்கங்கள் துப்புரவாக வந்தன. அண்ணைக்கு நல்ல சந்தோஷம்.

அக்காவுக்குத் தன் பிழைகளுக்கு மட்டும் வெட்கம் என்றால் அதை ஒரு சுபாவம் என்று விட்டுவிடலாம். மற்றவர்களின் பிழைக்கும் அவாவே குனிந்தா. என் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து நெளுக்குளத்தில் குடியேறின ஆட்கள். ஒருநாள் அப்பா என்னைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேலே வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். கலியாணக் காட் அடிக்க வந்திருந்த ஒரு மனிதர் அப்பா கதைத்த விதத்தைக் கேட்டுவிட்டு அண்ணையிடம், "தோட்டக்காட்டு ஆக்களையும் வேலைக்கு எடுக்கிறீரோ?" என்றார். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன். எனக்கு அது பழகின சொல். அக்கா எழும்பிப் பின்பக்கம் போனா. முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய்க் கேட்டேன்.

"அக்கா, நீங்கள் சொன்ன சொல்லோ அது? நீங்கள் ஏன் என்னோட கதைக்கிறீங்கள் இல்லை?"

"நான் கேட்டுக்கொண்டு இருந்தனான் தானே," என்றா.

நான் அவாவில் பாசம் வைத்த நாள் அது. கொஞ்சம் பயமும் வந்தது. இவ்வளவையும் ஒரு ஆள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

ஒரு வருஷம் கழித்து முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை 'நானா' என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மலர் வெளியிட வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு வடக்கில் இருந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் தமிழ் இயக்கம் கையில் எடுத்ததோடு போகச்சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஆரும் பெரிதாகக் கதைப்பதில்லை. அவர்களில் கொஞ்சப்பேர் சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்து, கூரையில்லாத பள்ளிக்கூடத்தைத் திருத்தி, மறுபடி மணி அடித்திருக்கிறார்கள். அதற்குத்தான் மலர்.

வாழ்த்துச் செய்திகள், கட்டுரைகள் எல்லாம் போனில் அடித்த புதுத் தமிழில் வந்தன. அவற்றுக்கு அக்கா தேவையில்லை. கடைசியில் இருந்த பெயர்கள் மட்டும் பழைய ஃபொன்ட். ஊரைவிட்டுப் போன அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், படிப்பித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருடைய பெயரும். புத்தளத்தில் அகதிகளாக இருந்தபோது பழைய அதிபர் கொட்டில் கொட்டிலாகப் போய்க் கேட்டு எழுதி, வயதான காலத்தில் ஒரு கடைக் கம்பியூட்டரில் ஒற்றை விரலால் அடித்து வைத்தது. அவர் ஊர் திரும்ப முன்னமே மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார்.

அக்கா அந்தப் பைலைப் புரோகிராமுக்குள் கொடுத்தா. கண்மூடித் திறக்க முன் பெயர்கள் வந்து விழுந்தன. பெட்டி ஒன்றும் இல்லை. நான் பக்கம் அமைத்தேன். இரண்டு நிரலாக வடிவாக வந்தது. அண்ணை முன்பக்கங்களைச் சொல்லுச் சொல்லாக வாசித்துத் திருத்தினார். பின்பக்கத்தைப் புரட்டிவிட்டு, "பேர்கள் தானே, அவையள் அடிச்சபடி இருக்கும்," என்றார்.

வெளியீட்டுக்கு எங்கள் மூன்று பேரையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் கதிரை. அக்கா கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தா, நானா விடவில்லை. பேச்சுகள் முடிந்து கடைசியாக ஒரு மாணவி மேடைக்கு வந்தா. அந்தப் பெயர்களை வாசித்து, வந்திருக்கிறவர்களை எழும்பச் சொல்லி, இல்லாதவர்களுக்குப் பிரார்த்தனை செய்வதாக ஏற்பாடு. பிள்ளை மலரை விரித்து மைக்கைப் பிடித்தா.

"மும்மது... னீபா."

ஆரும் எழும்பவில்லை. பிள்ளை அடுத்ததுக்குப் போனா.

"அப்துல் ரீம். லீமா உம்மா."

பின்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். மேடைப் பிள்ளை புத்தகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. நானும் என் மடியில் இருந்த பிரதியை விரித்தேன். முஹம்மது ஹனீபா, அப்துல் ரஹீம், ஹலீமா உம்மா என்று இருந்திருக்க வேண்டும். எல்லாப் பெயரிலும் 'ஹ' என்ற ஒரே எழுத்துத்தான் இல்லை. ரஹ்மான் என்ற பெயர் 'ர்மான்' என்று கிடந்தது. ஹாஜியார் என்ற இடத்தில் தலையில்லாமல் ஒரு கால் மட்டும் நின்றது. அக்கா எதையும் விரிக்கவில்லை. முதல் பெயரிலேயே அவாவுக்கு விளங்கிவிட்டது.

"சீதா டீச்சர்," என்று வாசித்தா பிள்ளை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா எழும்பினா. "சீதா இல்ல மகள். சஹீதா. நான் இஞ்சதான் நிக்கிறன்."

சபை முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்தா. அவா சிரித்ததால் எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது. பிறகு பிள்ளை எழுத்தைத் தானே போட்டுப் போட்டு வாசித்து முடித்தா. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து முகத்தில் இரத்தம் இல்லை.

கூட்டம் கலைந்தபிறகு நானா எங்களிடம் வந்தார். அவர் வாய் திறக்க முன் அண்ணை முந்திக்கொண்டார்.

"பழைய பைலில பிழை நானா. அந்த அதிபர் வயசு போன காலத்தில அடிச்சது. எழுத்து விடுபட்டிருக்கு. நாங்கள் அவர் அடிச்சபடிதான் போட்டது."

நானா தலையாட்டப் போனார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தா. ஆரும் கேட்காமல் அவா வாய் திறந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"இல்லை நானா. அவர் சரியாத்தான் அடிச்சிருக்கிறார். ஒரு எழுத்தும் விடேல்லை. நான் எழுதின புரோகிராம்தான் விழுங்கினது."

அண்ணை அவாவை ஒரு பார்வை பார்த்தார். நானா மலரின் பின்பக்கத்தை விரித்துப் பார்த்தார்.

"அந்த மனுசன் மழைக்குள்ள கொட்டில் கொட்டிலாப் போய்க் கேட்டு எழுதினவர், தங்கச்சி," என்றார்.

பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று எங்களைக் கூட்டிப்போய் இருத்தினார். அக்கா அந்தச் சாப்பாட்டை எப்படி விழுங்கினா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கடையில் புரோகிராமைத் திறந்து எனக்குக் காட்டினா. பழைய ஃபொன்டில் 'ஹ' இருந்தது கீபோர்டின் மேல் மூலையில், மேற்கோள்குறி மாதிரி ஒரு கீறல் உள்ள சாவியில். அதன் இலக்கம் 96. அட்டவணையில் 96 இல்லை. அதுவரை எங்களிடம் வந்தது கோயில் நோட்டீஸ், கலியாணக் காட், மரண அறிவித்தல். அவற்றில் 'ஜ' வந்தது, 'ஸ' வந்தது, 'ஷ' வந்தது. ஜெயந்தன், சரஸ்வதி, நிரோஷன் எல்லாம் எங்கட பெயர்கள். அவற்றை வைத்துத்தான் அக்கா புரோகிராமைச் சரிபார்த்திருந்தா.

"பெட்டி வந்திருந்தால் நாங்கள் அச்சடிக்க முதலே கண்டிருப்பம்," என்றா. "எனக்கு வெக்கம் எண்டு மறைச்சன். மறைஞ்சது ஆரின்ர பேர் எண்டு பாரும்."

96 வந்தால் 3001 என்று ஒரு வரி சேர்த்தா. 3001தான் 'ஹ'. அவ்வளவுதான் திருத்தம். பெட்டியையும் பழையபடி வரவிட்டா.

பிழைதிருத்தம் என்று ஒரு துண்டு அடித்துக் கொடுப்போம் என்றார் அண்ணை. புத்தகங்கள் ஏற்கனவே வீடுகளுக்குப் போய்விட்டன. அக்கா ஞாயிற்றுக்கிழமை ஒரு கறுப்புப் பேனையை வாங்கிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினா. தனியாகப் போகவிட மனமில்லாமல் நானும் ஏறினேன்.

வீடு வீடாகப் போனோம். படலையில் நின்று தான் ஆர் என்று சொல்லி, அந்த மலரை வாங்கி, பின்பக்கத்தை விரித்து, பெயர் பெயராக 'ஹ' எழுதுவா. இடமில்லாத இடத்தில் மேலே சின்னதாக எழுதிக் கீழே ஒரு கூர்க் குறி போடுவா. அச்சு மாதிரியே எழுதவேண்டும் என்று முதல்நாள் முழுக்க என் மேசையில் இருந்து எழுதிப் பழகியிருந்தா. சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வயதான மீன் வியாபாரி மட்டும் புத்தகத்தைத் தரவில்லை.

"இருவது வருஷமா ஊரே இல்லாம இருந்தன் மகள். ஒரு எழுத்து இல்லாமக் கிடந்தா என்ன?" என்று கேட்டார்.

அக்கா பேனையைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டு வாசலிலேயே நின்றா. கடைசியில் அவராகவே உள்ளே போய் எடுத்துவந்து தந்தார். "எழுதுங்க. உங்கட முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு," என்றார்.

மூன்று நாலு ஞாயிறு போயிருப்போம். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகிற ஒரு ஒடுங்கின ஒழுங்கையைத் தாண்டி நடந்தோம். அதற்குள் எப்போது போகிறது என்று கேட்டால், "பிறகு" என்பா. கடைசியில் வேறு வீடு மிச்சமில்லை. அந்த ஒழுங்கையின் முகப்பில் வந்து நின்றுதான் எனக்குச் சொன்னா.

"சஹீதா டீச்சரின்ர வீடு உள்ள இருக்கு. நான் இருந்த வீடு."

கிளிநொச்சிப் பக்கம் சண்டை வந்து அக்காவின் குடும்பம் ஓடிவந்தபோது அவாவுக்குப் பத்து வயது. முஸ்லிம் ஆட்கள் விட்டுப்போன வீடுகள் அங்கே வெறுமையாகக் கிடந்தன. அதில் ஒன்றுக்குள் போனார்கள். இரண்டு வருஷம் இருந்தார்கள். ஒரு மாரிக்கு விறகு இல்லை. அறைக் கதவைக் கழற்றி எரித்தார்கள். பிறகு அலுமாரியை உடைத்து எரித்தார்கள். அலுமாரிக்குள் புத்தகங்கள் இருந்தன. அடுப்பு மூட்ட அம்மா ஒவ்வொன்றாகக் கிழித்தா. கிழிக்க முன் அக்கா அவற்றை வாசித்தா. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் மையால் சஹீதா என்று எழுதியிருந்தது.

"அந்த எழுத்தை நான் முதல் கண்டது அதிலதான். இதென்ன எழுத்து எண்டு அம்மாட்டக் கேட்டனான்," என்றா அக்கா. "எனக்குத் தெரியாத எழுத்து எண்டு மட்டும் ஒருக்காலும் சொல்ல ஏலாது."

டீச்சர் எங்களைக் கண்டவுடன் படலையைத் திறந்தா. பழைய வீட்டில் இரண்டு சுவர்தான் மிஞ்சியிருந்தது. அந்த இரண்டோடும் சேர்த்துப் புதிதாகக் கட்டியிருந்தா. அக்கா விறாந்தைக் கதிரையில் ஓரமாக இருந்து, மலரை வாங்கி, மற்றப் பெயர்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகச் 'சீதா'வுக்கு நடுவில் 'ஹ'வை எழுதினா. எழுதி முடித்துப் பேனையை மூடினா. பிறகு நிமிராமலே சொன்னா.

"டீச்சர், நாங்கள் இந்த வீட்டில இருந்தனாங்கள். உங்கட கதவை எரிச்சனாங்கள். புத்தகங்களையும்."

டீச்சர் எழும்பி உள்ளே போனா. நெடுநேரம் வரவில்லை. போய்விடுவோமா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவா பார்வையை எடுக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. டீச்சர் தேத்தண்ணியோடு வந்தா. கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கத் துணியவில்லை.

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"பத்து."

"அப்ப உங்களோட எனக்குக் கதைக்க ஒண்டும் இல்ல. உங்கட உம்மா இருக்கிறாவா?"

"ஓம்."

"அவங்களக் கூட்டிக்கொண்டு வாங்க," என்றா டீச்சர். "தேத்தண்ணியக் குடிங்க. ஆறுது."

அக்காவின் அம்மாவை நான் முன்பும் கண்டிருக்கிறேன். உயரமான, குரல் தடித்த மனிசி. அக்காவுக்கு நேரெதிர். எதற்கும் குனியாதவா. விசயத்தைச் சொன்னவுடன், குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவா வெளியே வந்து சத்தம் போட்டா.

"நான் ஏன் போகோணும்? களவெடுக்கவே போனனாங்கள்? பிள்ளையளை மழைக்குள்ள விடச் சொல்லுறியோ? எங்கட வீட்டையும்தான் ஆரோ பிடுங்கிக்கொண்டு போனவங்கள். எனக்கு ஆர் வந்து சொன்னது?"

"அம்மா, அவா கூப்பிட்டவா."

"நீ ஏன் அதை வாய்விட்டுச் சொன்னனி? ஊர் முழுக்க உன்ர வெக்கத்தைக் காவிக்கொண்டு திரி. என்னை விடு."

அக்கா வற்புறுத்தவில்லை. கடையில் வந்து வழக்கம்போல வேலை செய்தா. ஆனால் மெலிந்துபோனா. அண்ணைகூடக் கவலைப்பட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா தானாகவே கடைக்கு வந்தா. நல்ல சேலை ஒன்றை உடுத்தியிருந்தா. படியில் நின்றபடி, "ஞாயிற்றுக்கிழமை பஸ் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டா.

நானும் கூடப் போனேன். அக்காவுக்குத் தனியாகப் போகப் பயம். என்ன சண்டை வருமோ என்று எனக்கும் பயம்தான். டீச்சர் அம்மாவைக் கண்டு, வாங்க என்றா. அம்மா கதிரையில் இருக்கவில்லை. கேட்காமலே உள்ளே நடந்து, பழைய சுவர் இரண்டும் சந்திக்கிற மூலையில் போய் நின்று, சுவரைத் தடவினா.

"இந்த மூலையிலதான் என்ர கடைசிப் பெடியன் பிறந்தவன்," என்றா. குரல் எப்போதும்போலத் தடிப்பாகத்தான் இருந்தது. "மருத்துவிச்சி வரப் பிந்திப்போச்சு. நான் தனியப் பெத்தனான். முள்ளிவாய்க்காலில அவனை விட்டிட்டு வந்திட்டம்."

அக்கா கூசிக் குறுகிப்போனா. ஒருவருடைய வீட்டுக்கு வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில், அம்மா தன் துக்கத்தைச் சொல்கிறாவே என்று அவா நினைத்தது எனக்குத் தெரிந்தது. "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டா. டீச்சர் கையைக் காட்டி மறித்தா.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் முத்தத்தில நில்லுங்க," என்றா.

முற்றத்தில் நின்றோம். உள்ளே கதைக்கிற சத்தம் கேட்டது. சொற்கள் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் டீச்சரின் குரல் உயர்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அக்கா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. இருவரும் வெளியே வந்தபோது இரண்டு முகத்திலும் எங்களுக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அம்மா படலையைத் தாண்டித் திரும்பிப் பாராமல் நடந்தா.

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தா, அக்கா நடுவில், நான் ஓரத்தில். ஒட்டுசுட்டான் தாண்டும்வரை அக்கா பொறுத்துக்கொண்டு இருந்தா.

"அம்மா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான்."

"எப்ப?"

"நீங்கள் முத்தத்தில நிக்கேக்க."

"என்ன சொன்னீங்கள்?"

அம்மா மடியில் கிடந்த பையைத் திறந்து துழாவி, ஒரு பொட்டலத்தை எடுத்தா. டீச்சர் கட்டிக்கொடுத்த பேரீச்சம்பழம். எனக்கு ஒன்றைத் தந்துவிட்டுத் தானும் ஒன்றை வாயில் போட்டா.

"அது எனக்கும் அவாவுக்கும்," என்றா. பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னா: "நோன்புப் பெருநாளுக்கு வரச் சொன்னவா. நான் ஓம் எண்டிட்டன். நீ லீவு எடு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. அம்மா அதற்குள் ஒரு பேரீச்சம்பழத்தை அவாவின் கையில் வைத்துவிட்டு, கொட்டையை யன்னலுக்கு வெளியே துப்பினா.